மறைவுத் திகதி இல்லாத முகம்

அந்த மனிதருக்கு நரை போட்டு முடிக்க எனக்கு நாலு நாள் எடுத்தது. காதோரத்தில் தொடங்கி ஒவ்வொரு முடியாகப் போட்டேன். ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் கணினியில் அவருக்குப் பெயர் இல்லை, ஒரு இலக்கம்தான் இருந்தது. முகம் நல்ல முகமாக இருந்தது, எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருகோணமலையில், துறைமுகப் பக்கமாக இறங்கும் வீதி ஒன்றில் இருந்த ஸ்ரூடியோவில் படம் திருத்தும் வேலை. சமாதானம் என்று சொல்லப்பட்ட சில வருடங்கள் தேய்ந்து, மறுபடியும் சந்திக்குச் சந்தி மணல் மூட்டை அடுக்கத் தொடங்கியிருந்த காலம். அந்த நாட்களில் ஸ்ரூடியோவில் வேலைக்குக் குறைவில்லை. அடையாள அட்டைக்கு, பயண அனுமதிப் பாசுக்கு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப என்று சனம் வந்துகொண்டே இருந்தது. இன்னொரு வேலையும் இருந்தது. பழைய படம் ஒன்றைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். மூலை கிழிந்து, முத்திரை பதிந்து, நெற்றியில் மை ஊறி இருக்கும். அதைத் துடைத்துப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே கோட்டும் ரையும் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் கணினியில் இருந்தது ஒரே ஒரு கோட்டுத்தான். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் செத்தவர்கள் எல்லாரும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சுவரில் இருக்கிறார்கள்.

வேலை முடிந்தாலும் படத்தை அழிக்கக் கூடாது. அது ஸ்ரூடியோ அண்ணையின் சட்டம். அண்ணை என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். ஐம்பது வயது, நல்ல வண்டி. எங்கள் பக்கத்தில் தொந்தியை வண்டி என்போம். "சனம் திரும்பி வரும். வீடு எரிஞ்சால் படமும் எரிஞ்சிடும். எங்களிட்ட எண்டாலும் கிடக்கட்டும்," என்பார். அப்படிச் சேர்ந்த முகங்கள் எங்கள் கணினியில் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஸ்ரூடியோவின் பின்னறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கணினியில் படம் செய்கிற பைத்தியம் பிடித்தவர்கள். அதில் அண்ணையும் நானும் ஒவ்வொரு கிழமையும் இருப்போம். கிண்ணியாவிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வருகிற வீடியோக்காரர் ஒருவரும் தவறமாட்டார். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது அவர் தொழில். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல அவரை நான் நானா என்பேன். மற்றவர்கள் பாஸ் கிடைத்தால் வருவார்கள், இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் வரமாட்டார்கள். ஒரு கணினியைச் சுற்றி நாலு கதிரை. அதுதான் எங்கள் கலைக்கூடம்.

அங்கேதான் 'வயசு போடுற' விளையாட்டைத் தொடங்கினோம். ஒரு முகத்தை எடுத்து இருபது வருடம் கூட்டிவிடுவது. முதலில் எனக்கே போட்டேன். என் அம்மாவைவிடக் கிழவியாக வந்தேன். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். நானாவுக்குப் போட்டபோது அவர் அதை வாங்கிக்கொண்டுபோய்த் தன் மனைவிக்குக் காட்டி, "இப்பிடி ஆகிப் போனாலும் நீ என்னோடதான் இரிக்கணும்," என்று சொன்னாராம். எனக்கு அந்த வேலை வெறியாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே தோல் எப்படித் தளரும், இமை எப்படிச் சரியும் என்று பஸ்சில் போகும்போதுகூட ஆட்களின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு போவேன். எத்தனை பேர் முறைத்திருப்பார்கள்.

கண்காட்சி வைப்போம் என்ற கதை அப்படித்தான் வந்தது. தேவாலயத்தின் பங்கு மண்டபத்தைச் சுவாமியார் இரண்டு நாளைக்குத் தருவதாகச் சொன்னார். படங்களை அச்சடித்து மாட்டுவது, நானா எடுத்த சின்னப் படங்களைத் திரையில் போடுவது. புரொஜெக்டர் ஒன்றை நானா எங்கேயோ இரவலாகப் பிடித்தார். ஊரடங்கு எப்போது வரும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் பின்னேரம் நாலரைக்குள் முடிப்பதாகத் தீர்மானித்தோம். மிச்சம் இருந்தது நோட்டீஸ்தான்.

நோட்டீசுக்கு நான் செய்ததுதான் அந்த மனிதர். கூட்டுறவுச் சங்கப் புத்தகத்திலிருந்து பிய்த்தெடுத்த மாதிரி ஒரு சின்னப் படம். முத்திரையின் அரைவட்டம் தோளில் இருந்தது. முப்பது வயது இருக்கும். அவருக்கு இருபது வருடம் கூட்டினேன். நரை, நெற்றிக் கோடு, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் போட்டேன். கோட்டுப் போட மனம் வரவில்லை. உயிரோடு இருக்கிற ஆள் மாதிரி வரவேண்டும் என்பதற்காக அண்ணையை மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகு புறப்படும் ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், கையில் பனையோலையில் இழைத்த ஒரு உமல் பையைக் கொடுத்து நிற்கவைத்துப் படம் எடுத்தேன். காலை வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கும், வேறு காரணம் இல்லை. அண்ணையின் உடம்பில் அந்த முகத்தைப் பொருத்தினேன். அண்ணையின் வண்டியும் அப்படியே வந்துவிட்டது. மேலே பெரிய எழுத்தில் 'விரைவில்' என்று போட்டேன். கீழே சின்ன எழுத்தில் கண்காட்சி, திரையிடல், இடம், நேரம்.

மதிலில் ஒட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். ஒரு பிரதியைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். அரைகுறைத் தமிழில், "இந்த ஆள் யாரு?" என்று கேட்டார்.

"இப்பிடி ஒரு ஆளே இல்லை, சேர்," என்றேன். "எல்லாம் கொம்பியூட்டரில செய்தது."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? அவரும் சிரித்து, தலையை ஆட்டி, முத்திரை குத்தித் தந்தார்.

கோதுமை மாப் பசை காய்ச்சி, பஸ் நிலையத்திலிருந்து ஜெட்டி வரைக்கும் ஒரே காலையில் ஒட்டினோம். நானா கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஜெட்டிக்குப் போகிற மதிலில் ஒட்டும்போது ஒரு பெடியன் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, "ஆரக்கா செத்தது?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் மதிலில் முகம் ஏறுவதென்றால் ஒன்றில் தேர்தலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். மதிலைக் கடக்கிற எல்லாரும் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே கீழே தோற்றம், மறைவு என்ற இரண்டு திகதிகளையும் தேடுவார்கள். நானும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்த்து வந்தவள். ஆனால் நாங்கள் கலைஞர்கள் அல்லவா. அந்த நினைப்பில் கண் மறைந்துவிட்டது.

ஹர்த்தால் ஒன்று வந்தது. கண்காட்சியைத் தள்ளிப் போட்டோம். பிறகு ஒரு குண்டு வெடித்து மூன்று நாள் கடையெல்லாம் பூட்டு. மறுபடியும் தள்ளினோம். நோட்டீசுகளில் திகதியை மட்டும் வெட்டி ஒட்டினோம். எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. ஜெட்டி மதிலில் எங்கள் நோட்டீசின் அடியில் இருந்த கண்காட்சி எழுத்தை வேறு யாருடைய கண்ணீர் அஞ்சலியின் மேல்விளிம்போ மறைத்திருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அந்த அக்கா வந்தது ஒரு வியாழக்கிழமை, பத்து மணி போல.

அவரை எனக்கு முன்பே தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் தமையனோடு வந்து மகளின் கல்யாண அழைப்பிதழுக்கு எழுத்துக் கொடுத்தவர். நான்தான் கணினியில் அடித்து அச்சகத்துக்கு அனுப்பினேன். தமையன் சொல்லச் சொல்ல அடித்தேன். மணமகளின் தகப்பன் பெயர் வந்த இடத்தில் அவர், "காலஞ்சென்ற எண்டு போடுங்கோ," என்றார். அக்கா கதிரையின் பிரம்பை நகத்தால் நோண்டிக்கொண்டு இருந்தார். தமையன் என் பக்கம் குனிந்து மெதுவாக, "இருபது வருசமாய்ப் போச்சு, தங்கச்சி. மூதூருக்கு மேசன் வேலைக்குப் போன மனிசன் வரவே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னெண்டு போடுறது எண்டு கேக்கினம். இப்பத்தான் ஓம் எண்டவள்," என்றார். இந்த மாதிரிக் கதையை நாளுக்கு ஒன்று கேட்கிற இடம் எங்கள் ஸ்ரூடியோ. நான் அடுத்த வரியை அடித்தேன்.

அன்றைக்கு அக்காவின் நெற்றியில் திருநீறு மட்டும்தான் இருந்தது. அப்படி இருந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பொட்டு வைத்தால் ஊர் ஒரு கதை சொல்லும். வைக்காவிட்டால் செத்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டது மாதிரி. அதனால் திருநீற்றோடு நிற்பார்கள்.

வியாழக்கிழமை அவர் வாசலில் வந்து நின்றபோது நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. வட்டமாக, பெரிதாக, புது மணப்பெண் வைத்தது போல. நான் திடுக்கிட்டுப் போனேன். கையில் அழைப்பிதழ்ப் பெட்டி.

"பிள்ளை, இதில ஒரு சொல்லை எடுத்துவிடவேணும்," என்றார். உள்ளே வந்து இருக்கக்கூட இல்லை.

"எந்தச் சொல் அக்கா?"

ஒரு அழைப்பிதழை விரித்து விரலை வைத்தார். அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை.

"இருநூறும் அடிச்சாச்சே அக்கா. ஏன், என்ன நடந்தது?"

"அவரைக் கண்டனான்."

எனக்குச் சந்தோசம் வந்தது. சத்தியமாகச் சந்தோசம்தான் வந்தது. எழும்பியேவிட்டேன். "எங்க அக்கா?"

"ஜெட்டிக்குப் போற மதிலில. நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கு."

எழும்பினவள் அப்படியே நின்றேன். அக்கா பேசிக்கொண்டே போனார். இத்தனை நாளும் யாரோடும் பேசாத மனுசி, மூச்சு விடாமல் பேசினார்.

"முதல்ல எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு, பிள்ளை. மதிலில முகமெண்டால் செத்தவையின்ர முகம்தானே. இவ்வளவு நாளும் எங்கையோ இருந்துபோட்டு இப்பத்தான் செத்திருக்கிறார் எண்டு நினைச்சு அதிலையே குந்திட்டன். பிறகு எழும்பித் திகதியைத் தேடினன். தோற்றமும் இல்லை, மறைவும் இல்லை. விரைவில் எண்டு மட்டும் கிடக்கு. அப்பதான் எனக்கு உயிர் வந்தது. நரைச்சுப் போனார். கொஞ்சம் வண்டியும் வைச்சிட்டுது. எங்கையோ நல்லாச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாருங்கோவன், போன இடத்திலையே வந்து நிக்கிறார். அந்த லோஞ்சிலதான் அண்டைக்கு ஏறினவர். நான் மூண்டு நாளாய் ஒவ்வொரு லோஞ்சும் வரேக்கை போய் நிக்கிறன்."

திரைக்குப் பின்னால் அண்ணை படம் எடுத்துக்கொண்டு இருந்தவர் வெளியே வந்து நின்றார். இரண்டு கையாலும் தன் வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியாமலே கை அங்கே போயிருக்க வேண்டும். அந்தக் காட்சியைச் சிரிப்பு என்பதா, என்னவென்று சொல்வது?

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கு வாங்கோ அக்கா, அச்சகத்தில கேட்டுப்போட்டுச் சொல்லுறன்," என்றேன். அவ்வளவுதான் என் துணிச்சல்.

அவர் போன பிறகு இலக்கத்தைத் தேடிப் பழைய பதிவுக் கொப்பியைப் புரட்டினோம். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அக்காவேதான் அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அன்று நான் லீவு. அண்ணையின் எழுத்தில், 'கோட் வேண்டாம், பெரிதாக்க மட்டும்' என்று குறிப்பு இருந்தது. கோட் வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த ஒரே ஆளின் முகத்தைத்தான் நான் எடுத்திருக்கிறேன்.

நான் அண்ணையோடு சண்டை பிடித்தேன். "நீங்கள்தான் ஒண்டையும் அழிக்கக் கூடாதெண்டு எல்லாத்தையும் சேத்து வைச்சனீங்கள்," என்று கத்தினேன். அவர் பதிலுக்கு, "சேத்து வைச்சனான். மதிலில ஒட்டச் சொன்னனானே?" என்றார். அது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பின்னேரம் நானா வந்தார். முழுக்கதையையும் கேட்டார். பிறகு, "கல்யாணக் காட்ட மாத்திக் குடுத்துட்டு வாய மூடிட்டு இருக்கலாம் எண்டு மட்டும் நினைச்சிராத, புள்ள. அந்த மனிசி ஜெட்டியில போய் நிக்கிது. நாளைக்கே சொல்லிரு," என்றார்.

அடுத்த நாள் அக்கா வந்ததும் அவரைக் கணினிக்கு முன்னால் இருத்தினேன். வாயால் சொல்ல எனக்கு ஏலவில்லை. அந்த நோட்டீசைத் திரையில் திறந்தேன். அவர் முகம் மலர்ந்தது. "இது உங்களிட்டையும் இருக்கோ?" என்றார்.

ஒன்றன்மேல் ஒன்றாக நான் போட்டிருந்ததை ஒவ்வொரு படையாக எடுக்கத் தொடங்கினேன். முதலில் எழுத்துப் போனது. பிறகு ஜெட்டியும் கடலும் போயின. அண்ணையின் உடம்பு, உமல் பை, வண்டி எல்லாம் போயின. கழுத்துக்கு மேலே முகம் மட்டும் வெள்ளையில் நின்றது. கண்ணோரச் சுருக்கத்தை எடுத்தேன். நெற்றிக் கோடுகளை எடுத்தேன். கடைசியாக நரை. நாலு நாள் வேலை, ஒரு சொடுக்கில் கறுப்பாகியது. அரைவட்ட முத்திரையோடு அந்த முப்பது வயது மனிதர் எங்களைப் பார்த்தார். அக்கா கொண்டுவந்து தந்த படம்.

"நான் செய்தது அக்கா," என்றேன். "விளையாட்டுக்குச் செய்தது. உங்கட ஆள் எண்டு எனக்குத் தெரியாது."

அவர் அழவில்லை. ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். வெளியே முச்சக்கரவண்டி ஒன்று நெடுநேரம் ஹோர்ன் அடித்தது.

"அப்ப, மதிலில நிக்கிறது அவர் இல்லை."

"இல்லை அக்கா."

"சரி." பிறகு, கடையில் ஒரு சாமான் இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்: "அவர் உலகத்திலையே இல்லையெண்டு காட்டுற படம் ஏதும் உங்களிட்ட இருக்கோ, பிள்ளை?"

அந்தக் கேள்வி என்னை அடித்த மாதிரி அதற்குப் பிறகு ஒன்றும் என்னை அடித்ததில்லை. அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று, இப்படி ஒரு ஆளே இல்லை என்று நான் சொன்னது ஞாபகம் வந்து உடம்பு கூசியது. "இல்லை அக்கா," என்றேன். அவர் அழைப்பிதழ்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சொல்லை மாற்றவா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் தலை மறைந்ததும் நான் வீதியில் இறங்கினேன். பஸ் நிலையத்திலிருந்து ஜெட்டி வரைக்கும் கொதிக்கிற வெயிலில் ஒவ்வொரு நோட்டீசாகக் கிழித்தேன். கோதுமை மாப் பசை சும்மா விடாது. நகம் இரண்டு உடைந்தது. ஜெட்டி மதிலில் இருந்ததைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். திரும்பி வந்து, கண்காட்சிக்கென்று பெரிதாக அச்சடித்து வைத்திருந்ததைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். பிறகு கணினியில் நான் செய்த அந்தப் படத்தை அழித்தேன். அழிக்கட்டுமா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். குப்பைக் கூடையையும் வெறுமையாக்கினேன். அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய சட்டத்தை முதல் முறையாக ஒருத்தி மீறுகிறாள். எனக்குப் பாவம் கழுவின மாதிரி இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

கண்காட்சி இரண்டு கிழமை கழித்து ஒருவாறு நடந்தது. கரண்ட் போகும் என்று ஜெனரேற்றர் ஒன்று வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. யன்னல்களைக் கறுத்தப் பொலித்தீனால் மூடியிருந்தோம். உள்ளே வேர்த்துக் கொட்டியது. முதல் நாள் நாற்பது பேர் வந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். என் படம் மாட்டுவதாக இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

இரண்டாம் நாள் மூன்று மணி போல அந்த அக்கா வந்தார். கூடவே ஒரு பெண் பிள்ளை, இருபது வயது, பின்னல் போட்டு, புதுச் செருப்பு. அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. அவர் சுவரைச் சுற்றி ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்து, ஆணிக்கு முன்னால் நின்றார்.

"அவரின்ர படம் எங்க, பிள்ளை?"

"எடுத்துப்போட்டன் அக்கா. எல்லாத்தையும் கிழிச்சிட்டன். கொம்பியூட்டரிலையும் இல்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

நான் நல்லது செய்த முகத்தோடு சொன்னேன். அக்காவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

"நான் கிழிக்கச் சொன்னனானோ?" என்றார்.

கூட வந்த பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவள் தகப்பனைக் காணாதவள். வயித்தில இருக்கேக்கையே அவர் போயிட்டார். வீட்டில கிடக்கிற படத்தில அவருக்கு முப்பது வயசு. இவளைக் கட்டப்போற பெடியனுக்கு இருபத்தெட்டு. அந்தப் படத்தைக் காட்டி இதுதான் உன்ர அப்பா எண்டால், அது அப்பா மாதிரியே இருக்கு? தமையன் மாதிரியெல்லோ இருக்கு. வயசுபோன அப்பாவை ஒருக்கால் இவளுக்குக் காட்டிப்போட்டு, பிறகு அந்தக் கல்யாணக் காட்டைக் குடுக்கத் தொடங்குவம் எண்டு இருந்தனான்."

அந்தப் பிள்ளை தாயின் கையைப் பிடித்து, "சரியம்மா, விடுங்கோ," என்றாள். செய்ததும் கேட்காமல் செய்தேன், அழித்ததும் கேட்காமல் அழித்தேன்.

"நாலு நாள் தாங்கோ அக்கா. சின்னப் படம் கிடக்குத்தானே. நான் திருப்பிச் செய்து தாறன்."

"வேண்டாம் பிள்ளை. திருப்பிச் செய்தால் அது வேற ஆளாய் வந்திடும்."

அது உண்மை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

நானா புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார். பையைக் கிளறி ஒரு சின்னக் கசற்றை எடுத்துக் கமராவில் போட்டு, வயரைப் புரொஜெக்டரில் செருகினார். "கொஞ்சம் இருங்க," என்றார். நாங்கள் நோட்டீஸ் ஒட்டிய காலையில் அவர் பிடித்த நாடா. அதிலிருந்து கடலையும் காகங்களையும் மட்டும் தன் படத்துக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே வைத்திருந்திருக்கிறார். மண்டபத்தில் இருந்தவர்கள் அடுத்த படம் தொடங்குகிறது என்று நிமிர்ந்து இருந்தார்கள்.

திரையில் பஸ் நிலையம் ஓடியது. பசை வாளி, என் செருப்பு, ஒரு ஆட்டுக்குட்டி. பிறகு ஜெட்டி மதில் வந்தது. என் கை ஒரு தாளை நீவிக்கொண்டு மேலேறியது. தாள் நிமிர்ந்தது. சைக்கிள் பெடியன், "ஆரக்கா செத்தது?" என்று கேட்டான். கை விலகியதும் அவர் நின்றார், நரையோடு, உமல் பையோடு. நானா அந்த இடத்தில் நாடாவை நிறுத்தினார்.

ஒரு ஆள் உயரத்துக்கு மேலே அவர் திரையில் நின்றார். நிறுத்திய படம் என்பதால் இலேசாக நடுங்கிக்கொண்டு இருந்தது. பெண் பிள்ளை கதிரைகளுக்கு நடுவே நடந்து திரைக்குக் கிட்டப் போனாள். வெளிச்சத்தில் தன் நிழல் விழாமல் ஒரு ஓரமாக நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்ப்பதில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அம்மா," என்றாள், திரும்பாமலே, தன் மோவாயைத் தொட்டுக்கொண்டு. "என்ர நாடி அப்பான்ர நாடி."

நாடியை நான் தொடவில்லை. வயது போடும்போது நெற்றியையும் கண்ணையும் கழுத்தையும்தான் மாற்றினேன். நாடி அவருடையதேதான். அதை நான் சொல்லவில்லை, அவள் தானே கண்டுபிடித்தாள். அந்த நேரம்தான் எனக்குக் கண் நிறைந்தது.

அந்தக் கமராவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு படத்தை நிறுத்தி வைக்க முடியாது. நாடா தேய்ந்துவிடும் என்று தானாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடம் முடியத் திரை நீலமாகியது. நானா நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினார். மறுபடியும் ஐந்து நிமிடம், மறுபடியும் நீலம். சனம் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. யார் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் ஒருவர்கூட அசையவில்லை. எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

மூன்றாம் முறை நீலம் வந்தபோது அக்கா, "காணும் தம்பி. கரண்டை வீணாக்காதேங்கோ," என்றார்.

கைப்பைக்குள் இருந்து ஒரு அழைப்பிதழை எடுத்து என்னிடம் தந்தார். உறையில் என் பெயரை அங்கேயே எழுதினார். எனக்குத்தான் முதல் அட்டை. திறந்து பார்த்தேன். காலஞ்சென்ற என்ற அந்தச் சொல் அப்படியே இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டும் அப்படியே இருந்தது. சொல் மாப்பிள்ளை வீட்டாருக்கு, பொட்டு தனக்கு என்று வைத்துக்கொண்டார் போல.

"கட்டாயம் வரவேணும், பிள்ளை," என்றார். "வரேக்கை கமராவையும் கொண்டு வாங்கோ. எடுக்கிறதில ஒண்டையும் அழிச்சுப்போடாதேங்கோ."